அகவிணைப்பும் புறவிணைப்பும்
தகடெழுதும் கருவியைத் தேர்ந்தெடுக்குமாறு

வாழ்வை அகமென்றும் புறமென்றும் வகுத்து ஆராய்ந்தவர் தமிழர். அவ்வகுப்பு இந்நாளில் கணிப்பொறிக்கும் பொருந்துவதாயிற்று. குறுந்தகட்டில் எழுதும் கருவியைப் பொறியின் உள்ளே பொருத்துவதா, வெளியே வைத்துக் கம்பியால் இணைப்பதா என்னும் வினா சிறிதாகத் தோன்றும். எனினும் ஆண்டு விழாப் படங்களும், இசைப் பதிவுகளும், ஆராய்ச்சி ஏடுகளும் தகடுகளிலேயே உறங்கும் கல்லூரிகளுக்கு இது சிறு வினா அன்று.

சென்னையினின்றும் பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து, ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் வரையில் செல்வோர், வயல்களும் ஏரிகளும் இருந்த நிலம் ஆலைகளாக மாறியிருப்பதைக் காண்பர். அவ்விடத்தில் டெல் நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் கணிப்பொறிகளைப் பூட்டி முடிக்கும் ஆலையைத் தொடங்கியது. அக்காலத்து மேசைப் பொறியின் கூட்டில், ஐந்தேகால் அங்குலம் எனப் பெயர்பெற்ற தகட்டுக் கருவிக்கென ஓர் அறை அமைந்திருப்பது வழக்கம். அதனுள் கருவியைச் செருகித் திருகாணிகளால் இறுக்கி, செய்திக்கு ஒரு கம்பியும் மின்சாரத்திற்கு ஒரு கம்பியும் பூட்டுவர். இதுவே அகவிணைப்பு. பின்னர் மடிக்கணினிகள் மெலிந்தன. மெலியவே அவ்வறையும் மறைந்தது. ஆகவே புறவிணைப்பு இன்று பலர்க்குத் தவிர்க்க முடியாததாயிற்று.

இவற்றுள் எது மேலானது? இதனை அறியக் கருவியின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். ஒருமுறை எழுதும் குறுந்தகட்டில் சாயப் படலம் ஒன்றுண்டு. கருவியின் லேசர் கதிர் அப்படலத்தைச் சுட்டுக் குறிகளை இடுகின்றது. தகடு சுழன்றுகொண்டே இருக்கும். கதிருக்குச் செய்தியும் இடையறாது வந்துகொண்டே இருத்தல் வேண்டும். பழைய கருவிகளில் வரத்து ஒரு கணம் தடைப்படினும் தகடு பாழாயிற்று. 2000-ஆம் ஆண்டளவில், தடை நேருமிடத்தில் நிறுத்தி, விட்ட இடத்தினின்றும் தொடரும் உபாயம் கருவிகளில் புகுந்தது. ஆதலின் அவ்விடர் பெரிதும் தணிந்தது. ஆயினும் வரத்தின் வேகம் எழுதும் வேகத்திற்குக் குறையாதிருத்தலே நன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். குறுந்தகட்டின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 150 கிலோபைட். எனவே 48 மடங்கு என்பது ஏறத்தாழ 7 மெகாபைட். டிவிடித் தகட்டிற்கு ஒரு மடங்கே 1.385 மெகாபைட்; 16 மடங்கு 22 மெகாபைட்டுக்குச் சற்று மேலாகும். முதற்காலத்து யு.எஸ்.பி. இணைப்பு நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட் மட்டுமே தாங்கியது. அதன்வழி 4.7 கிகாபைட் கொள்ளும் டிவிடியை எழுத ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அக்காலத்தில் அகவிணைப்பே சிறந்ததென்று அறிந்தோர் கூறியது முற்றும் உண்மை.

2000-ஆம் ஆண்டில் வந்த யு.எஸ்.பி. 2.0 இணைப்போ 480 மெகாபிட் வேகத்தது. நடைமுறையில் அதனிற் பாதியே கிடைப்பினும், 16 மடங்கு டிவிடிக்கு அது போதும். சாட்டா எனப்படும் அகவிணைப்பின் முதல் வகையே நொடிக்கு 150 மெகாபைட் தாங்க வல்லது. அவ்வளவும் டிவிடிக்கு வேண்டுவதில்லை. வாய்க்கால் எத்துணை அகலமாயினும், ஏற்றத்தின் அளவுக்குத்தானே நீர் பாயும்? 16 மடங்கு வேகத்தில் எழுதும் புளூ-ரே கருவிக்கு மட்டும் நொடிக்கு 72 மெகாபைட் வேண்டும், அதற்கு யு.எஸ்.பி. 3.0 அல்லது சாட்டா இன்றியமையாதது.

வேகத்தின் வழக்கு இவ்வாறு தீர்ந்தபின், தீர்ப்பளிப்பது மின்சாரமே. அகக் கருவி, பொறியின் மின்வழங்கியினின்றும் வேண்டிய அளவு பெறும். புறக் கருவிகளுள் மெல்லியவை யு.எஸ்.பி. துளையினின்றே மின்சாரம் பெறுவன. யு.எஸ்.பி. 2.0 துளை தரும் அளவு 500 மில்லி ஆம்பியர், 5 வோல்ட். அதாவது இரண்டரை வாட். தகடு சுழலத் தொடங்கும்போதும், கதிர் சுடும்போதும் இவ்வளவு போதாமற் போவதுண்டு. இது கருதியே சில கருவிகளின் கம்பிக்கு இரண்டு முனைகள் அமைத்தனர். யு.எஸ்.பி. 3.0 துளை 900 மில்லி ஆம்பியர் தரும். ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டியில், தனி மின்சாரமில்லாத நிலையில், எழுதும் கருவியைச் செருகுதல் ஆகாது.

இவற்றால் பெறப்படும் முடிபு இதுவாகும். நிலையாக ஓரிடத்தில் இருக்கும் மேசைப் பொறியில் அறையிருப்பின், நாள்தோறும் பல தகடுகள் எழுதுவோர் சாட்டா அகக் கருவியையே கொள்க. பல பொறிகளுக்கு ஒரே கருவி வேண்டும் நூலகம், தனி மின்வழங்கியுடைய புறக் கருவியைக் கொள்க. பழுதுற்றால் பொறியைத் திறவாமலே அதனை மாற்றலாம். மடிக்கணினி உடையோர் மெல்லிய புறக் கருவியைக் கணினியின் துளையிலேயே நேராக இணைத்து எழுதுக. எவ்வகையாயினும், எழுதியபின் மூலத்தோடு ஒப்புநோக்கிச் சரிபார்த்தல் வேண்டும். எழுதி முடிந்தது என்னும் அறிவிப்பு மட்டும் சான்றாகாது.

மாணவ அன்பர்களே! ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் எழுந்த நோக்கியா கைப்பேசி ஆலை 2014-இல் ஓய்ந்தது. ஆலைகளும் கருவிகளும் மாறுவது உலகியல்பு. தகடு படிக்கும் கருவிகளும் ஆண்டுதோறும் அரியவாகி வருகின்றன; சாயப் படலமும் வெயிலாலும் வெப்பத்தாலும் கெடுவது. ஓலையில் எழுதியதை அழியுமுன் பெயர்த்தெழுதியவர் நம் முன்னோர். பழைய மாணவர்தம் இல்லங்களிலும் நூலக அலமாரிகளிலும் கிடக்கும் தகடுகளைப் படிக்கும் கருவி கிடைக்கும்போதே வேறு நிலையங்களிற் பெயர்த்து வைத்தல் நம் கடனாகும். அகமாயினும் புறமாயினும், நல்ல கருவி ஒன்று ஒவ்வொரு கல்லூரியிலும் இருத்தல் வேண்டும்.