சுளுக்கு என்னும் சொல்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில் சென்னீர்குப்பம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்த் திடலில் சடுகுடு ஆடும் சிறுவன் ஒருவன், பாதம் உட்புறமாக மடங்க, நிலத்தில் விழுகின்றான் எனக் கொள்க. சற்று நேரத்தில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. சூழ நிற்போருள் ஒருவர், "சுளுக்கு" என்பார்; மற்றொருவர், "பிசகிவிட்டது" என்பார்; வேறொருவர், "நரம்பு புரண்டுவிட்டது" என்பார். இம்மூன்றும் ஒன்றுதாமா? இச்சொற்களின் பொருளை ஆராயின், அச்சிறுவனின் காலுக்கு நேர்ந்தது யாதென்பதும் விளங்கும்.

சுளுக்கு என்பது பிறமொழியிலிருந்து வந்த சொல் அன்று. திராவிட மொழிகளுக்கே உரிய பழஞ்சொல். மலையாள மொழியார் இதனை உளுக்கு என்பர். கன்னடத்திலும் அதனை ஒத்த வடிவமே வழங்குகிறது. தமிழிலும் உளுக்குதல் என்னும் வினை அகராதியில் இடம்பெற்றுள்ளது. ஒரு சொல் சகரத்தோடும் சகரமின்றியும் வழங்குதல் தமிழுக்குப் புதிதன்று. சிறகு என்பது இறகு எனவும், சிப்பி என்பது இப்பி எனவும் வழங்குதல் காண்க. தென்திராவிட மொழிகளில் சொல்லின் முதலில் நிற்கும் சகரம் மறையும் இயல்பினைப் பரோ என்னும் மொழியறிஞர் 1947ஆம் ஆண்டில் ஒரு தனிக்கட்டுரையில் ஆராய்ந்தார். சுளுக்கும் உளுக்கும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை.

பிசகு என்னும் சொல்லோ தவறு என்னும் பொருளது. கணக்கிலும் பிசகு உண்டு. பேச்சிலும் பிசகு உண்டு. அவ்வாறே, எலும்பு தனக்குரிய இடத்தினின்று தவறுதலையும் மக்கள் பிசகு என்றனர்.

இனி, "நரம்பு புரண்டது" என்பதைக் காண்போம். உணர்ச்சியை மூளைக்குக் கொண்டு செல்வதையே இன்றைய அறிவியல் நரம்பு என்கிறது. சுளுக்கில் புரள்வது அந்நரம்பு அன்று. ஆயினும் மக்கள் வழக்கை எள்ளுதல் கூடாது. பண்டைத் தமிழர் யாழில் கட்டிய தந்தியையும் நரம்பு என்றே அழைத்தனர். முறுக்கேறிய நாண் போன்றது எதுவோ அது நரம்பு. கிரேக்க மொழியில் நரம்பைக் குறிக்கும் சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. ஆகவே, ஊரார் கூறும் நரம்பு என்பது உடலில் உள்ள நாரையே என அறிதல் வேண்டும்.

அந்நார் யாது? மூட்டில் எலும்பும் எலும்பும் சந்திக்கின்றன. அவை விலகாதவாறு உறுதியான நார்கள் பிணைத்து நிற்கின்றன. அவற்றைப் பிணைநார்கள் எனலாம். மூட்டு அளவு கடந்து திரும்பும்போது இந்நார்கள் மிகையாக நீளும். சில வேளை அறுபடவும் செய்யும். இதுவே சுளுக்கு. எலும்பின் முனை மூட்டினின்று விலகிவிடுதல் மூட்டு நழுவுதல். எலும்பே உடைதல் முறிவு. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் மூட்டு விலகலையும் எலும்பு முறிவையும் தனித்தனியே பிரித்து, முன்னதை ஆறு வகையாகக் கூறுகிறது.

இவ்வேறுபாட்டை மறப்பதனால் தீங்கு விளைகிறது. சுளுக்கு எனக் கருதி எண்ணெயிட்டு நீவுவதும், இழுத்துவிடுவதும், காலால் பிறந்தவரைக் கொண்டு மிதிக்கச் செய்வதும் நம் நாட்டு வழக்கம். உள்ளே இருப்பது முறிவாயின், இழுக்கும் கை அதனைப் பெரிதாக்கிவிடும். சிறுவர்க்கு இது மிகவும் பொருந்தும். வளரும் பருவத்தில் எலும்பின் முனையருகே வளர்ச்சிப் பகுதி ஒன்று உண்டு. அது பிணைநாரைவிட வலிமை குறைந்தது. ஆதலின், பெரியவர்க்குச் சுளுக்காக முடியும் ஒரு விபத்து, சிறுவர்க்கு முறிவாக முடிதல் கூடும். அதனைக் கவனியாது விடின் எலும்பின் வளர்ச்சி குன்றவும் நேரும்.

உள்ளிருக்கும் எலும்பைக் காண 1895ஆம் ஆண்டில் ராண்ட்கன் கண்ட எக்ஸ் கதிர் உதவுகிறது. எவருக்கு அப்படம் வேண்டும் என்பதை அறியக் கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் எளிய விதிகளை வகுத்தனர். அடிபட்டவரால் நான்கு அடி எடுத்து வைக்க இயலவில்லையா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ தொட்டால் வலிக்கிறதா? இவற்றுள் ஒன்று இருப்பினும் படம் எடுத்துப் பார்த்தல் நலம்.

மருத்துவரைக் காணும்வரை செய்யத்தக்கவை சிலவே. அடிபட்ட காலை அசையாது வைத்தல் வேண்டும். துணியில் பொதிந்த பனிக்கட்டியைச் சிறிது நேரம் ஒற்றி எடுக்கலாம். மிக இறுகாத கட்டு ஒன்று கட்டி, காலைத் தலையணைமீது உயர்த்தி வைக்கலாம். முதல் இரண்டு நாள்களில் நீவுதலும் சூடு ஒற்றுதலும் ஆகா.

சுளுக்கு என்று சொல்வது எளிது. அது சுளுக்குத்தானா என்று அறிவது அரிது. சென்னீர்குப்பத்துச் சிறுவனின் கால் மீண்டும் திடலில் ஓடுவது, சூழ நிற்போர் அக்காலை இழுக்கும் முன் ஒரு கணம் நின்று எண்ணுவதைப் பொறுத்தது.