கொலு பொம்மைக்கு ஒரு பில்: முதல் சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்!

நவராத்திரி நெருங்கிவிட்டால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. தசாவதாரம், கல்யாண செட், அஷ்டலட்சுமி, செட்டியார் தம்பதி என்று மண்ணும் காகிதக்கூழும் வரிசைகட்டி நிற்கும். "என்ன விலைப்பா?" "ரெண்டாயிரத்து ஐநூறு மாமி. உங்களுக்குன்னா நூறு ரூபாய் கம்மி பண்ணிக்கலாம்." பேரம் படிந்ததும் பில் புத்தகத்தில் கார்பன் பேப்பரைச் செருகுவார்கள்.

அந்த பில் புத்தகத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினால் எப்படி இருக்கும்? டெஸ்க்டாப் புரோகிராமிங் பழக ஆரம்பிக்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கஷ்டம். 'இரண்டு எண்களைக் கூட்டுக' என்ற பாடப்புத்தகக் கணக்கில் எதிரே ஆள் யாரும் இல்லை. இங்கே இருக்கிறார். அவர் ஒரு கையில் பொம்மையும் மறு கையில் பணமுமாக அவசரத்தில் நிற்கிறார்.

இதற்குத் தேவையானது ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி. மாணவர்களுக்கு அது இலவசம். புதிய 'விண்டோஸ் ஃபார்ம்ஸ்' புராஜெக்ட் திறந்தால் ஒரு வெற்று ஜன்னல் வரும், அதுதான் ஃபார்ம். பக்கத்தில் டூல்பாக்ஸ். அதிலிருந்து வேண்டியதை மவுஸால் இழுத்து ஃபார்மில் போட வேண்டும். எழுத்தைக் காட்ட லேபிள், எழுத்தை வாங்க டெக்ஸ்ட் பாக்ஸ், வேலையைத் தொடங்க பட்டன். இவற்றுக்குப் பொதுப்பெயர் கன்ட்ரோல்.

இழுத்துப் போட்டு ஜன்னல் செய்யும் இந்த வழியைப் பரவலாக்கியது 1991-ல் வெளியான விஷுவல் பேசிக். அமெரிக்க வடிவமைப்பாளர் ஆலன் கூப்பர் உருவாக்கி மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்ற ஒரு மாதிரியிலிருந்து வளர்ந்தது அது. 1998-ல் வந்த ஆறாம் பதிப்பின் டூல்பாக்ஸில், அம்புக்குறியைத் தவிர 20 கன்ட்ரோல்கள் இருந்தன. தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன அக்கா, அண்ணன்களைக் கேட்டால் 'கமாண்ட்1', 'டெக்ஸ்ட்1' என்று இன்றும் சொல்வார்கள்.

இரண்டு ரூபாய்க்கு தசாவதாரம்!

பொம்மை பில்லுக்கு வருவோம். ஒரு டெக்ஸ்ட் பாக்ஸில் பொம்மை விலை 1500. இன்னொன்றில் வீட்டுக்கு அனுப்பும் செலவு 250. 'மொத்தம்' பட்டனைத் தட்டினால் 1750 வரவேண்டும். ஆனால் புதிதாக எழுதுபவருக்கு வருவது 1500250!

கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருப்பது எதுவானாலும் அது எழுத்துதான், எண் அல்ல. எழுத்தையும் எழுத்தையும் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்தாகப் பலர் முதலில் கற்றுக்கொள்வது 'வால்' என்ற ஃபங்ஷன். எழுத்தை எண்ணாக்கித் தரும். 1500, 250 என்று கொடுத்தால் 1750 சரியாக வரும். நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

மறுநாள் கடைக்காரர் நம்மூர் வழக்கப்படி 2,400 என்று கமா போட்டு அடிப்பார். பில்லில் விழுவது 2 ரூபாய். 'வால்' கமாவைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிடும். எரர் எதுவும் காட்டாது என்பதுதான் இதில் மோசம். கூட்ட நேரத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

சரி, எண்ணை மட்டுமே வாங்கும் 'நியூமெரிக் அப்டவுன்' கன்ட்ரோலைப் போட்டால்? நல்ல யோசனைதான். ஆனால் அதன் உச்சவரம்பு, நாம் மாற்றாதவரை, 100. 2400 என்று அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனால் சத்தமில்லாமல் 100 ஆகிவிடும். ஆகவே மேக்ஸிமம் என்ற பிராப்பர்ட்டியை முதலில் உயர்த்த வேண்டும். டெக்ஸ்ட் பாக்ஸ்தான் வேண்டும் என்றால் 'டெசிமல்.ட்ரைபார்ஸ்' கைகொடுக்கும். அது கமாவையும் புரிந்துகொள்ளும். அடித்தது எண் இல்லை என்றால் 'இல்லை' என்று திருப்பியும் சொல்லும்.

ஒன்றைத் தொட்டால் ஒன்று அணையும்

ரேடியோ பட்டன் என்ற பெயர் பழைய கார் ரேடியோக்களிலிருந்து வந்தது. ஒரு ஸ்டேஷனின் பட்டனை அமுக்கினால், முன்பு அமுக்கிய பட்டன் மேலே எழும்பும். நம் ஃபார்மில் 'ரொக்கம்', 'யுபிஐ', 'கார்டு' என்று மூன்று. அதன் கீழே 'கையில் எடுத்துச்செல்வது', 'வீட்டுக்கு அனுப்புவது' என்று இரண்டு. ஓடவிட்டுப் பாருங்கள்: யுபிஐ-யைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'வீட்டுக்கு அனுப்புவது' என்பதைத் தட்டினால் யுபிஐ அணைந்துவிடும். ஒரே ஃபார்மில் நேரடியாகக் கிடக்கும் ஐந்தும் ஒரே குடும்பம் என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது. இரண்டு 'குரூப் பாக்ஸ்' போட்டுத் தனித்தனியே குடிவைத்தால் சண்டை தீரும். 'பரிசுப் பொட்டலம் வேண்டுமா?' போன்ற தனிக் கேள்விக்கு செக் பாக்ஸ் போதும்.

பொம்மையின் பெயருக்கு காம்போ பாக்ஸ். இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் உள்ளதை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த வருடம் புதிதாக வந்த செட்டுக்கு இடமில்லை. சுதந்திரமாக அடிக்க விட்டால் 'தசாவதாரம்', 'தசாவதார செட்', 'தசாவதாரம் பெரிசு' என்று மூன்றாகப் பிரிந்து, எது எத்தனை விற்றது என்ற கணக்கே வராது. பட்டியலைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் 'புதிய பொம்மை' என்று தனி பட்டன் வைப்பதே உத்தமம்.

வாங்குபவர் பெயருக்கு எத்தனை பெட்டி? அயல்நாட்டு மாதிரியைப் பார்த்து 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு போட்டு, இரண்டையும் கட்டாயமாக்கிவிடுகிறார்கள். அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடும் ஊரில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் சொன்னபோது நம்மவர்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்கியது என்று விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். பொம்மைக் கடைக்கு விசா வேண்டாம். ஒரே பெட்டி, 'பெயர்' என்று ஒரு லேபிள், போதும்.

வெறும் கேள்விக்குறிகளாக நின்ற தமிழ்

அந்த லேபிளில் 'பெயர்' என்று தமிழிலேயே அடிக்கலாம். இன்றைக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் விஷுவல் பேசிக் 6 காலத்தில் யூனிகோட் தமிழை ஒட்டினால் பட்டனில் வெறும் கேள்விக்குறிகள்தான் வரிசையாக நிற்கும். விண்டோஸ் 2000-லேயே 'லதா' எழுத்துருவோடு தமிழ் வந்துவிட்டது. ஆனால் பழைய டூல்பாக்ஸின் கன்ட்ரோல்கள் யூனிகோட் அறியாதவை.

எனவே தமிழில் சாஃப்ட்வேர் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைப் பொருத்திய எழுத்துருக்களை நம்பினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் தமிழ் அழகாகத் தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் அதே பில் கிறுக்கலாகிவிடும். 2002-ல் டாட்நெட் வந்த பிறகு விண்டோஸ் ஃபார்ம்ஸில் இந்தத் தொல்லை ஒழிந்தது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. வசதி வந்த பிறகும் பழக்கதோஷத்தில் 'சேவ்', 'கேன்சல்' என்று ஆங்கிலத்திலேயே பட்டன் வைப்பதுதான் புரியவில்லை. உதவிக்கு வந்து உட்காரும் கடைக்காரரின் அம்மாவுக்கு 'சேமி' என்று இருந்தால் எளிதில்லையா?

கடைசியாக, டேப் விசை. ஒரு கையில் பொம்மையோடு நிற்பவர் மவுஸைத் தேட மாட்டார். டேப் அடித்தே நகர்வார். டேப் எந்த வரிசையில் போகும்? ஃபார்மில் நாம் பார்க்கும் வரிசையில் அல்ல. கன்ட்ரோல்களை நாம் எந்த வரிசையில் இழுத்துப் போட்டோமோ அந்த வரிசையில். பெயரிலிருந்து விலைக்குப் போகவேண்டியது நேராக 'அழி' பட்டனில் போய் நிற்கும். டேப்இண்டெக்ஸ் எண்களை 0, 1, 2 என்று கையால் சரிசெய்துவிட்டு, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள். 'அழி' பட்டனை 'சேமி'க்கு ஒட்டினாற்போல வைக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து கடைக்காரரிடம் காட்டும் நேரத்தில் ஜன்னலின் தலைப்பையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் அங்கே கடையின் பெயர் இருக்காது. 'ஃபார்ம்1' என்றுதான் இருக்கும்.