தறி ஒருவருடையது, பாவு இன்னொருவருடையது: உங்கள் இணைய இணைப்பு எங்கே முடிகிறது?

மங்கலம், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் கூலி நெசவுக்காரர்கள். பாவு நூலையும் ஊடை நூலையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். தறி, கொட்டகை, கரண்ட், ஆள் எல்லாம் தறிக்காரர் பொறுப்பு. நெய்த காடாத் துணி உற்பத்தியாளரிடமே திரும்பிப் போகும். தறி ஒருவருடையது, சரக்கு இன்னொருவருடையது. ஊரில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை.

இண்டர்நெட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் அங்கே பலருக்கும் குழப்பம்தான். வீட்டுக்கு ஒயர் கொண்டுவந்தவர் வேறு, உங்களுக்கு ஐபி முகவரி கொடுப்பவர் வேறாக இருக்கலாம். "நெட் வரல" என்று போன் போட்டால், ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுவது இதனால்தான். ஷிப்மென்ட் நாளில் டாகுமெண்ட் அனுப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கும் பனியன் கம்பெனிக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. இந்த ஏற்பாட்டை நடத்தும் ரூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

செஷன் என்றால் என்ன?

பிபிபிஓஇ முறையில், வீட்டு ரூட்டர் ஆன் ஆனதும் "யாராவது இருக்கீங்களா?" என்று ஒயரில் கூவும். மறுமுனையில் ஒரு பெட்டி பதில் சொல்லும். அதனிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்ததும் ஒரு ஐபி முகவரி கிடைக்கும். அப்போது தொடங்குவதுதான் செஷன். ஒயர் நிரந்தரம். செஷன் அப்படி இல்லை, அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு.

ஒயர்க்காரரும் சேவைக்காரரும் வேறு வேறாக இருந்தால், பதில் சொல்லும் பெட்டி செஷனைத் தானே வைத்துக்கொள்ளாது. யூசர்நேமில் @ குறிக்குப் பின்னால் உள்ள நிறுவனப் பெயரைப் பார்த்து, அந்த நிறுவனத்தின் ரூட்டருக்கு மொத்தச் செஷனையும் ஒரு டனல் வழியாகத் தள்ளிவிடும். தள்ளிவிடும் பெட்டிக்கு எல்ஏசி என்று பெயர். வாங்கி முடித்து வைக்கும் ரூட்டருக்கு எல்என்எஸ் என்று பெயர். நடுவில் ஓடுவது எல்டூடிபி என்ற நெறிமுறை, யுடிபி போர்ட் 1701. சிஸ்கோவின் எல்டூஎஃப், மைக்ரோசாஃப்ட் முதலியோரின் பிபிடிபி இரண்டையும் சேர்த்து உருவாக்கி, 1999 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 2661 ஆக வெளியிட்டார்கள்.

சாயப்பட்டறைக்குத் துணி போவதைப் போலத்தான். மூட்டையை வழியில் யாரும் பிரிப்பதில்லை, டெலிவரி சலானில் உள்ள நம்பர்தான் பேசும். இங்கே டனல் எண், செஷன் எண் என்று இரண்டு நம்பர். இரண்டும் 16 பிட். அதாவது ஒரே டனலில் கணக்குப்படி 65,535 செஷன் வரை போகலாம்.

இந்தியாவில் என்ன நடந்தது?

பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமின் கம்பியில் பல நிறுவனங்கள் இந்த முறையில் சேவை கொடுத்தன. இங்கே 2004இல் டிராய், செப்புக் கம்பியை மற்றவர்களுக்கும் திறந்துவிடச் சொல்லிப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதைக் கட்டாயமாக்கவில்லை. கம்பியின் உரிமையாளர் விரும்பினால் பரஸ்பர ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. விளைவு, பிஎஸ்என்எல் கம்பியில் வந்த செஷன் பிஎஸ்என்எல் பெட்டியிலேயே முடிந்தது.

ஃபைபர் காலத்தில் நிலைமை மாறியது. இன்று பல ஊர்களில் ஃபைபர் இழுத்து வைத்திருப்பவர் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர். செஷன் முடிவது பிஎஸ்என்எல் ரூட்டரில். வருமானத்தில் ஆளுக்கு ஒரு பங்கு. அசல் கூலி நெசவு! நடுவில் எல்டூடிபிதான் இருக்க வேண்டும் என்றில்லை, விலேன் வழியாகவும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். எப்படியானாலும் கேள்வி ஒன்றுதான்: செஷன் எங்கே முடிகிறது?

எல்என்எஸ்ஸில் என்னென்ன அமைக்க வேண்டும்?

கம்பெனிக்குக் கம்பெனி கட்டளைகள் மாறும், வேலை மாறாது.

1. எந்த எல்ஏசியிடமிருந்து டனல் வந்தால் ஏற்பது என்று பெயரும், டனல் பாஸ்வேர்டும் குறிக்க வேண்டும்.

2. ஒரு மாதிரி இடைமுகம் வேண்டும். சிஸ்கோவில் இதை விர்ச்சுவல் டெம்ப்ளேட் என்பார்கள். பனியனுக்குப் பேட்டர்ன் வெட்டி வைப்பதைப் போல. வருகிற ஒவ்வொரு செஷனுக்கும் அந்த அளவில் ஒரு இடைமுகம் தானாக உருவாகும்.

3. ஐபி முகவரிகளின் தொகுப்பு.

4. ரேடியஸ் சர்வர். ஆள் சரிதானா, என்ன வேகம், எவ்வளவு நேரம் இருந்தார் என்ற கணக்கெல்லாம் அங்கேதான். 1812 அனுமதிக்கு, 1813 கணக்குக்கு.

5. எல்ஏசி வாடிக்கையாளரிடம் ஏற்கெனவே பேசி முடித்ததை அப்படியே ஏற்பதா, பிபிபி பேச்சுவார்த்தையை முதலிலிருந்து நடத்துவதா என்ற முடிவு. இரண்டு பக்க அமைப்பும் ஒத்துப்போகாத இடத்தில் திரும்பப் பேசச் சொல்வதுதான் பாதுகாப்பு.

சிக்கல் வரும் இடங்கள்

முதலாவது, பாக்கெட் அளவு. சாதாரண ஈதர்நெட்டில் 1500 பைட். மூட்டைக்கு மேல் மூட்டை கட்டும்போது ஐபி 20, யுடிபி 8, எல்டூடிபி 8, பிபிபி 4 என்று 40 பைட் போய்விடும். மீதி 1460. அதில் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கு 40 கழித்தால் எம்எஸ்எஸ் 1420. இதை அமைக்காமல் விட்டால் வரும் கோளாறு விசித்திரமானது. பிங் போகும், சின்னப் பக்கம் திறக்கும், பெரிய பக்கம் பாதியில் நிற்கும். பார்ப்பவருக்கு "அந்த வெப்சைட்தான் ஸ்லோ" என்று தோன்றும். டனல் போகும் பாதை பெரிய பாக்கெட்டை அனுமதித்தால் பிபிபிஓஇயின் 1492ஐயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, கரண்ட் போய் வரும் நேரம். ஒரு எல்என்எஸ்ஸில் 5000 செஷன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ரீஸ்டார்ட் ஆனால் 5000 வீடும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும். ரேடியஸ் திணறும். பதில் தாமதமானால் வீட்டு ரூட்டர்கள் மறுபடி தட்டும், கூட்டம் இன்னும் கூடும். அதனால் நொடிக்கு இத்தனை பேர்தான் உள்ளே என்று வரம்பு வைக்க வேண்டும். இரண்டாவது எல்என்எஸ் ஒன்றும் தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, தொங்கி நிற்கும் கணக்கு. செஷன் முடிந்த தகவல் ரேடியஸுக்குப் போய்ச் சேராவிட்டால், அது "இந்த ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்று உங்களையே திருப்பி அனுப்பும்! அவ்வப்போது இடைக்காலக் கணக்கு அனுப்பச் செய்து, அது நின்றுபோன பதிவுகளை நீக்கினால் இது தீரும்.

இன்னொன்று. டனல் என்றதும் ரகசியம் என்று நினைக்க வேண்டாம். எல்டூடிபி எதையும் மறையாக்கம் செய்வதில்லை. ரகசியம் வேண்டுமென்றால் ஐபிசெக் தனியாகச் சேர்க்க வேண்டும்.

சரி, நமக்கு என்ன பயன்?

யாருக்குப் போன் போடுவது என்று தெரியும். ஃபைபர் பெட்டியில் லாஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒயரில்தான் கோளாறு. உள்ளூர் ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். பான் விளக்கு பச்சையாக நிலைத்து நின்று, ரூட்டரின் வேன் பக்கத்தில் பிபிபிஓஇ மட்டும் இணையவில்லை என்றால், பெரும்பாலும் செஷன் பக்கம்: பாஸ்வேர்டு, ரேடியஸ், அல்லது தூரத்தில் இருக்கும் அந்த ரூட்டர். ஐபி முகவரி வந்தும் சில பக்கங்கள் மட்டும் பாதியில் நின்றால், பாக்கெட் அளவைச் சந்தேகியுங்கள். "எம்டியு பாருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எதிர்முனையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தறியில் கோளாறா, பாவில் கோளாறா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஊர் இது. இணையத்துக்கும் அதே பார்வை போதும்.