கிடைக்குப் புதுக் குட்டியா? பழைய நாயிடம் பழக விடுங்கள்

இடைசெவல், கோவில்பட்டி கரிசல் பகுதியில் ஆட்டுக்கிடைக்கு நாய்தான் காவல். கிடை நாய் தளர்ந்து போகுமுன்பே குட்டியைக் கொண்டு வாருங்கள். பெரியதைப் பார்த்துப் பழகும்.

8 வாரம் வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். இரண்டையும் முதலில் கிடைக்கு வெளியே, வேறு நாய்கள் நடமாடாத இடத்தில் கயிற்றில் பிடித்துப் பழக்குங்கள். தனித்தனித் தட்டில் தீனி வையுங்கள். பழைய நாய்க்கே முதலில். அது உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கினால் உறுமாமலே கடிக்கும்.

குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பெரிய நாய்க்கு ஆண்டுதோறும். கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரண்டுக்கும் குடற்புழு நீக்குங்கள். செத்த ஆட்டின் தலையைப் போடாதீர்கள். அதிலிருந்து நாய்க்கு வரும் நாடாப்புழுவின் முட்டை, மலம் வழியாக மேய்ச்சல் புல்லில் கலந்து ஆட்டின் மூளையைத் தாக்கும். ஆடு சுற்றிச் சுற்றி விழும். காவல் நாயே மந்தைக்குக் கேடாகக் கூடாது.