நிறமே பகை!

அழகாய்ப் பிறந்தவர்களுக்கு ஆபத்தும் கூடவே பிறக்கும் என்று கதைகளில் படித்திருக்கிறோம். அந்தக் கஷ்டமெல்லாம் ராஜகுமாரிகளுக்குத்தான் என்று நினைத்திருந்தோம். தென் அமெரிக்காவில், நான்கு அங்குல நீளமே உள்ள ஒரு பாட்டுக் குருவிக்கும் அதே கதி நேர்ந்திருக்கிறது.

வெனிஸூலா தேசத்தார் அதைச் செல்லமாகக் 'கார்டனலீட்டோ' என்று அழைக்கிறார்கள். 'குட்டிக் கார்டினல்' என்று அர்த்தம். கத்தோலிக்கத் திருச்சபையின் கார்டினல்கள் அணியும் சிவப்பு அங்கியை நினைத்து வைத்த பெயர். ஆங்கிலத்தில் 'ரெட் ஸிஸ்கின்'. ஆண் குருவிக்கு மேனியெல்லாம் குங்குமச் சிவப்பு. தலையும் தொண்டையும் மட்டும் மைக்கூட்டில் முக்கி எடுத்தாற்போல் கன்னங்கறேல் என்றிருக்கும். இறக்கையிலும் வாலிலும் கறுப்பு உண்டு. பெண்ணுக்கு இத்தனை ஆடம்பரம் கிடையாது. சாம்பல் நிறப் புடவைக்குச் சிவப்புக் கரை போட்டாற்போல் மார்பிலும் இடுப்பிலும் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான். பறவைகளில் பட்டுப் புடவை பெரும்பாலும் ஆண்களுக்குத்தானே!

மலையடிவாரக் காடு, காட்டோரத்துப் புதர், அதற்கப்பால் புல்வெளி – இந்த மூன்றுக்கும் இடையே போவதும் வருவதுமாக இருப்பதுதான் இதன் வாழ்க்கை. விதைகளும் கனிகளும் மொட்டுகளும் ஆகாரம். முன்பெல்லாம் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து, எங்கே தீனி உண்டோ அங்கே பறந்துகொண்டிருக்குமாம். மரத்தில் புல்லைக் கொண்டு கிண்ணம்போல் கூடு கட்டி, வெளிறிய பச்சை முட்டைகளாக மூன்று இடும். ஆணின் பாட்டு நீளமானது. நடுநடுவே கீச்சும் பிருகாவும் விழும்.

இப்படித் தன் பாட்டில் கிடந்த குருவியின் மேல் ஜெர்மனியிலிருந்த ஒருவரின் கண் விழுந்தது.

ஹான்ஸ் டுங்கர் என்பவர் பிரெமென் நகரத்துப் பள்ளி ஆசிரியர். கூண்டில் வளரும் கானரிக் குருவி மஞ்சளாக இருக்கிறதே, அதைச் சிவப்பாக்கினால் என்ன என்று 1920-களில் அவருக்கு ஓர் ஆசை. சிவப்பு ஸிஸ்கின் ஆணையும் மஞ்சள் கானரிப் பெண்ணையும் ஜோடி சேர்த்தார். பிறந்த குஞ்சுகளில் பெண்கள் மலடாயின; ஆண்களில் சிலவற்றுக்கு மட்டும் சந்ததி உண்டாயிற்று. தலைமுறை தலைமுறையாக முயன்றும் அவருக்குக் கிடைத்தது தாமிர நிறம்தான், சிவப்பு அல்ல. பிறப்பு மட்டும் போதாது, தின்னும் தீனியிலும் வர்ணச் சத்து வேண்டும் என்பது பின்னால்தான் விளங்கியது. உணவிலுள்ள மஞ்சள் சத்தைச் சிவப்பாக மாற்றும் வித்தை ஸிஸ்கினின் உடம்பிலேயே இருக்கிறது. அதற்குக் காரணமான மரபணுவை விஞ்ஞானிகள் 2016-ல் அடையாளம் கண்டார்கள்.

சிவப்புக் கானரி பிறந்தது. காட்டிலிருந்த குருவிக்குச் சனியன் பிடித்தது. வளர்ப்போர் எல்லோருக்கும் ஓர் ஆண் ஸிஸ்கின் வேண்டியிருந்தது. வலை வைத்தும் பசை தடவியும் ஆயிரக் கணக்கில் பிடித்தார்கள். வெனிஸூலா 1940-களிலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது; குருவி கடத்தல்காரனின் பெட்டியில் போயிற்று. பிடித்தது போதாதென்று காடுகளும் வயல்களாயின. டிரினிடாட் தீவில் அது அடியோடு அற்றுப்போனது. 1975-லிருந்து உலக நாடுகளின் வியாபாரத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2008-ல் வெளிவந்த வெனிஸூலாவின் நூறு பொலிவார் நோட்டில் இதன் படத்தைப் போட்டார்கள். காட்டில் காணக் கிடைக்காதது சட்டைப் பையில் கிடைத்தது! விலைவாசி ஏறிய வேகத்தில் பிற்பாடு அந்த நோட்டும் செல்லாமல் போயிற்று.

2000-ஆம் ஆண்டில் ஓர் அதிசயம். கயானாவின் தெற்கே, ருபுனுனி என்ற புல்வெளிப் பிரதேசத்தில் பறவை ஆராய்ச்சிக்குப் போன அமெரிக்கக் குழுவினர் இந்தக் குருவிகளைக் கண்டுவிட்டார்கள். அதுவரை தெரிந்திருந்த இடங்களிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தூரம்! அங்கே இப்படி ஒரு குருவி இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர்களுடைய விரிவான கட்டுரை 2003-ல்தான் வெளிவந்தது. அதற்குள், 2002-லேயே, அவ்வூர் ஜனங்கள் தாங்களே ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள்.

வெனிஸூலாவில் வேறு வழியில் முயற்சி நடக்கிறது. காப்பித் தோட்டக்காரர்களிடம், "மரங்களை வெட்டாதீர்கள், நிழலிலேயே காப்பிச் செடியை வளருங்கள்" என்று சொல்லி, அப்படி விளைந்த கொட்டைக்குப் 'பறவைக்கு உகந்தது' என்று சான்றிதழ் வாங்கித் தருகிறார்கள். சான்றிதழ் உள்ள காப்பிக்கு நல்ல விலை கிடைக்கிறது. மரம் நின்றால் குருவிக்குக் கூடு கட்டக் கிளை கிடைக்கும். கூண்டில் வளர்த்துப் பெருக்கிய குருவிகளைப் பின்னொரு நாள் இந்தத் தோட்டங்களைச் சுற்றிப் பறக்கவிடலாம் என்பது அவர்களுடைய எண்ணம்.