வருமானக் கணக்கும் வாய்மையும்

மூக்கண்டப்பள்ளி சிப்காட் ஆலைகளை நம்பி வாழும் நம் குடும்பங்கள், மிகைநேர ஊதியத்தின் ஏற்றத்தாழ்வை நன்கு அறியும். பிரிட்டனில் மணிக்கூலிக்கு உழைப்போர் நிலையும் அதுவே. அங்கு மனைவியை அழைத்துக்கொள்ள, 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு வருமானம் விதிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 11 முதல் அது 29,000 ஆயிற்று.

ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் பணியாற்றியவரின் ஊதியம் மாறுபடுமாயின், வரிப்பிடித்தத்துக்கு முந்திய ஆறு மாதத் தொகையின் சராசரியைப் பன்னிரண்டால் பெருக்குவர். மொத்தம் 15,000 எனில் ஆண்டுக்கு 30,000; 14,000 எனில் 28,000, போதாது. மணமகள் இங்கு ஈட்டும் ஊதியம் அக்கணக்கில் சேராது.

நல்ல மாதத்தை மட்டும் எண்ணி நம்புவது பிரிவையே நீட்டும். பொய்ச் சீட்டு விண்ணப்பத்தையே வீழ்த்தும். ஆகவே, கோவிலில் ஓலை வாசிக்கப்படுமுன்னரே ஊதியச் சீட்டுகளை விரித்துவைத்து, இரு வீட்டாரும் உண்மையைப் பேசுவோமாக.