கையால் ஆடும் கால்பந்து



லீவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த எங்க சித்தப்பா ஒரு பந்து கொடுத்தார். பலாக்கொட்டையைப் பெரிசாக்கின மாதிரி இருக்கும். எந்தப் பக்கம் துள்ளும்னே சொல்ல முடியாது. ரெண்டு தடவை தேயிலைக்குள்ள போயி, அட்டையோட திரும்பி வந்தோம். விதி தெரியாம ஆளாளுக்கு மேலே விழுந்ததில் ஒருத்தனுக்குக் கை பிசகிவிட்டது. பந்து இப்போ பி.டி. சார் அலமாரியில் இருக்கிறது. "விதியைத் தெரிஞ்சுக்கிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்றார். தெரிந்துகொண்டேன் சார்.

பேர்தான் கால்பந்து, வேலை பெரும்பாலும் கைக்குத்தான். (செவன்ஸ் பார்த்து வளர்ந்த நம்ம பசங்க சிரிப்பாங்க!) பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். இரண்டு கடைசியிலும் 10 கெஜத்தில் ஒரு கட்டம். எதிரணியின் கட்டத்துக்குள் பந்தோடு நுழைந்தால் 'டச் டவுன்', 6 புள்ளி.

எங்களுக்குப் புரியாமல் போனது இதுதான். ஆட்டம் கபடி மாதிரி விட்டுவிட்டு நடக்கும். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கெஜம் முன்னேறணும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு, இல்லேன்னா பந்து எதிரணிக்கு. முதல் வாய்ப்பில் 3 கெஜம் ஓடினதும் பிடிச்சுத் தள்ளிட்டாங்கன்னு வைங்க. அந்த இடத்திலிருந்தே அடுத்தது. இன்னும் 7 வேணும். இரண்டாவதில் முன்னால் எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால், எறியத் தொடங்கின பழைய இடத்துக்கே வரணும். ஒரு வாய்ப்பு வீண்! மூன்றாவதில் 2 கெஜம்தான் கிடைச்சா, இன்னும் 5 பாக்கி. நாலாவதில் பெரும்பாலும் துணிய மாட்டார்கள். கம்பம் பக்கத்தில் இருந்தால் நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பார்கள். தூரமா இருந்தா, பந்தை ஓங்கி உதைச்சு எதிரணிக்கே கொடுத்துடுவாங்க. பயந்து இல்லீங்க, அவன் ரொம்பத் தள்ளியிருந்து தொடங்கட்டும்னுதான்.

2012-ல் இந்தியாவிலும் இதற்கு ஒரு லீக் தொடங்கினார்கள். இலங்கை அணியும் ஆடியது. ஆனால் நிலைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது இதன் தம்பி ஆட்டம், 'ஃபிளாக் ஃபுட்பால்'. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண், பெண் இரு பாலாருக்கும் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்துக்கு 5 பேர். யாரையும் தள்ளக் கூடாது. இடுப்பில் தொங்கும் நாடாவை உருவினாலே பிடித்த மாதிரி. கை பிசகாது சார்!

ஆளுக்கு ரெண்டு, மொத்தம் 20 நாடா. அம்மா பழைய சேலையில் கிழிச்சுக் கொடுத்துட்டாங்க. பையிலேயே வைத்திருக்கிறேன்.

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்